அப்பாவோடு ஜெய்சல்மேர்: ஐந்து நட்டுகளும் ஒரு கையெழுத்தும்

17 ஜனவரி 2025, வெள்ளி – ஜோத்பூர்

விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு பொருள் போயிற்று. சோதனையில் அப்பாவின் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார்கள். சிவப்புப் பிடி போட்ட, ஒரு சாண்கூட இல்லாத சின்ன சாமான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அவர் பையில்தான் இருந்தது. மூக்குக் கண்ணாடி, மிக்சி, பேத்தியின் பொம்மை என்று எங்கள் வீட்டில் அது திருகாத திருகாணி கிடையாது.

"பதினஞ்சு வருஷம் ஏர்ஃபோர்ஸ்ல இருந்தீங்க, இது தெரியாதாங்க?" என்றாள் அம்மா.

"நான் பிளேனுக்குக் கீழ நின்னு வேலை பார்த்தவன். உள்ள உக்காந்தவன் இல்ல."

இந்தப் பயணம் என் ஏற்பாடு. அப்பாவுக்கு 75 ஆகிறது. 1968-ல் ஏர்மேனாகச் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி முடித்தவர். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரின்போது ஜெய்சல்மேரில் இருந்தார். போரைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பதில் ஒன்றுதான்: "வேலை பார்த்தேன்." 1983-ல் வெளியே வந்து, எக்ஸ்-சர்வீஸ்மேன் ஒதுக்கீட்டில் வங்கியில் கிளார்க் ஆனார். ஆபீசர் பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். போனால் வெளி மாநிலம், எங்கள் பள்ளிக்கூடம் கெடும். கூடச் சேர்ந்தவர்கள் மேலாளர்களாக ஓய்வுபெற்றார்கள். இவர் கிளார்க்காகவே ஓய்வுபெற்று வந்து அம்மாவுக்குக் காலை ஐந்து மணிக் காபியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த இடத்துக்கே கூட்டிப்போனால் வாய் திறப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஜோத்பூரில் இறங்கியதும் முதல் ஆச்சரியம் அவருடைய இந்தி. நான்கு ஆட்டோக்காரர்களை ஒரே நேரத்தில் சமாளித்தார், நடுவில் ஒரு நக்கல் வேறு. அவர்கள் சிரித்தார்கள். வீட்டில் இந்த மனிதர் இந்தியில் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. சாயங்காலம் மணிக்கூண்டுப் பக்கம் மிர்ச்சி வடா, ஒன்று 30 ரூபாய். "நம்ம மிளகா பஜ்ஜிக்குள்ள உருளைக்கிழங்க வெச்சு அடைச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு அம்மா இரண்டு சாப்பிட்டாள்.

படுக்கும் முன் அப்பா நோட்டை எடுத்தார். அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு உண்டாம். வேலை செய்தவர் கையெழுத்து, அதைச் சரிபார்த்தவர் கையெழுத்து, கடைசியில் விமானத்தை ஏற்றுக்கொள்ளும் விமானியின் கையெழுத்து. இவை விழாமல் விமானம் நகராது. எங்கள் வீட்டிலும் 1983-லிருந்து அது ஓடுகிறது. நீள நோட்டு, 'செய்தது', 'பார்த்தது' என்று இரண்டு பத்தி. கேஸ் சிலிண்டர் மாற்றியது, சைக்கிளுக்குக் காற்று, எனக்குப் போலியோ சொட்டு மருந்துக்குப் பிறகு போட்ட ஊசிகள் எல்லாம் அதில் ஏறும். முதல் பத்தியில் அப்பா, இரண்டாவதில் அம்மா. இன்றைக்கு எழுதியது: "ஸ்க்ரூ டிரைவர் 1 – இழப்பு." அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

18 ஜனவரி, சனி – பொக்ரான் வழியாக

கார் ஏற்பாடு செய்திருந்தோம். பழைய இன்னோவா. ஓட்டுநர் பையனுக்கு 26 வயது, ராம்கட் பக்கத்து கிராமம். காலையில் கண்ணாடி முழுக்கப் பனி. பத்து மணிக்கு மேல் வெயில் வந்தாலும் நிழலுக்குப் போனால் காது வலிக்கிற காற்று. அம்மா குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு போட்டோவுக்கு மட்டும் கழற்றினாள்.

பொக்ரானுக்கு முன்னால் ஒரு சாயாக் கடை. மண் குவளையில் இஞ்சி தட்டிப் போட்ட டீ, 15 ரூபாய். பெரியவர் எந்த ஊர், ஏன் இந்தக் குளிரில் வந்தார் என்று கடைக்காரர் விசாரித்தார். எழுபத்தொன்றில் ஜெய்சல்மேரில் இருந்தேன் என்று அப்பா சொன்னதும் மனிதர் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். காசு வாங்க மறுத்தார். அப்பாவும் விடவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டார்கள். காரில் ஏறும்போது பார்த்தேன், 60 ரூபாய் குவளைக்கு அடியில் இருந்தது.

மதியத்துக்கு அம்மாவின் புளியோதரை, சாலையோரம் கேஜ்ரி மர நிழலில். மூன்றாவது கை எடுக்கும்போதே பல்லில் மணல்.

ஜெய்சல்மேரில் தங்கிய இடத்தில் வெந்நீர் வரவில்லை. "பத்து நிமிஷம் ஜி" என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து வாளியில் வந்தது. குளியலறைக் குழாயின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

19 ஜனவரி, ஞாயிறு – போர் அருங்காட்சியகம்

ஜோத்பூர் சாலையில் ஊருக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. ராணுவம் 2015-ல் திறந்தது. வெளியே பிடிபட்ட டாங்கிகள் வரிசையாக. அவற்றையெல்லாம் தாண்டி அப்பா நேராக ஹன்டர் விமானத்திடம் போய் நின்றார்.

1957-ல் நம் விமானப்படைக்கு வந்த பிரிட்டிஷ் விமானம். எழுபத்தொன்றில் ஜெய்சல்மேரில் இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில. ஜாம்நகரில் இளம் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவிலிருந்து போருக்காக வந்தவை. அவற்றோடு வந்தவர்களில் அப்பாவும் ஒருவர். அப்போது எல்.ஏ.சி. (லீடிங் ஏர்கிராஃப்ட்மேன்) என்ற கீழ்நிலைப் பதவி, ஏர்ஃப்ரேம் பிரிவு. சக்கரம், பிரேக், ஹைட்ராலிக் குழாய், இறக்கை என்று இன்ஜினும் ஆயுதமும் தவிர மற்றதெல்லாம் அவர்கள் பாடு.

மூக்கிலிருந்து தொடங்கி இடப்பக்கமாகப் போய், வாலைச் சுற்றி, வலப்பக்கமாகத் திரும்பி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் குனிந்து. காவலுக்கு நின்ற வீரர் முதலில் தள்ளி நிற்கச் சொல்ல வந்தவர், என்ன நடக்கிறது என்று புரிந்ததும் தானும் கூடவே நடந்தார். பின் சக்கரத்தின் அருகே அப்பா முழுசாகக் குந்திவிட்டார். முழங்கால் வலிக்காக ஆறு மாதமாகத் தரையில் உட்காராதவர்.

"கோடு இல்லையே" என்றார்.

டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்களாம். தரையைத் தொடுகிற வேகத்தில் டயர் ரிம் மேல் நழுவினால் அந்தக் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். எனக்குப் பழைய கோபம் ஒன்று எழுந்தது. ஆறாம் வகுப்பில் என் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் இதே மாதிரி வெள்ளைப் பெயின்ட் கோடு. வகுப்பே சிரித்தது. எதற்கு என்று கேட்டதற்கு, "பார்க்கறதுக்கு" என்றார். சைக்கிள் டயர் எங்கே நழுவப் போகிறது!

மூக்கின் அடிப்பக்கத்தைக் காட்டி, நான் கேட்காமலே கொஞ்சம் பேசினார். நான்கு 30 மி.மீ. பீரங்கிகளும் குண்டுப் பெட்டிகளும் ஒரே மூட்டையாக அங்கே உட்கார்ந்திருக்கும். குழல்கள் மட்டும் விமானத்திலேயே நிற்க, மற்றதெல்லாம் ஒட்டுமொத்தமாகக் கீழே இறங்கும். நிரப்பி வைத்த இன்னொரு மூட்டை மேலே போகும். விமானம் வந்து நின்றதும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுவார்கள். "டயரைத் தொட்டா சுடும். இறக்கையைத் தொட்டா கை ஒட்டிக்கிற மாதிரி குளிரும். ஒரே பிளேன்தான்." அவ்வளவுதான், அப்புறம் டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

20 ஜனவரி, திங்கள் – தனோட், லோங்கேவாலா

இன்றைய நாளைப் பற்றி எழுத எனக்கே பொறுமை வேண்டும். உடம்பெல்லாம் வலி.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ராம்கட் வரை இரண்டு பக்கமும் காற்றாலைகள். ராம்கட்டைத் தாண்டியதும் கைபேசியில் சிக்னல் போய்விட்டது. சாலை மட்டும் கறுப்பாக, நேராக. நடுவில் ஒட்டகங்கள் நம்மைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நிற்கும்.

தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினரே பார்த்துக்கொள்கிறார்கள். 1965 போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மாதாவின் அருள் என்கிறார்கள். அப்பாவுக்குக் குண்டுகளின் வாலைப் பார்ப்பதில்தான் அக்கறை. வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கைக்குட்டைகள் முடிந்து தொங்குகின்றன. வேண்டிக்கொண்டு கட்டுவார்கள், நடந்தால் வந்து அவிழ்ப்பார்கள். அம்மா சட்டென்று அப்பாவின் பையிலிருந்து கைக்குட்டையை உருவிக் கட்டினாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"உங்க நோட்டுல எழுதறதுக்கா?" என்று நடந்துவிட்டாள்.

அங்கிருந்து லோங்கேவாலா 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாதி வழியில் டயர் பஞ்சர். பையன் சுறுசுறுப்பாக ஜாக்கி வைத்து, நட்டுகளைக் கழற்றி, மாற்றுச் சக்கரத்தை மாட்டிவிட்டான். திரும்ப முடுக்கும்போது நட்டு நான்குதான் இருந்தது. சக்கரத்துக்கு ஐந்து.

"நாலு போதும் பாபுஜி. ராம்கட் போய் வாங்கிக்கலாம்."

"அஞ்சு" என்றார் அப்பா.

காற்று மணலைச் சாலைக்குக் குறுக்கே பாம்பு பாம்பாக ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த மணலில் ஒரு நட்டைத் தேட வேண்டும். அப்பா காரைச் சுற்றிக் காலால் கோடு கிழித்து நான்கு பாகமாகப் பிரித்தார். எனக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மா டீ வடிகட்டியை எடுத்துவந்து மணலைச் சலிக்கத் தொடங்கினாள். அரை மணி நேரம். ஒரு ராணுவ லாரி நின்று, என்ன தொலைந்தது, தங்கமா என்று கேட்டுவிட்டுப் போனது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்பா, நாலு நட்டுல வண்டி ஓடும்ப்பா, ஊரே ஓட்டுது!" என்று கத்தினேன். அவர் நிமிரக்கூட இல்லை.

கடைசியில் பையன் நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கிறான், அதோடு நட்டும் வந்து விழுகிறது. அவன் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. முகம் வெளுத்து, திட்டு விழப்போகிறது என்று நின்றான்.

அப்பா சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவன் தோளில் கை வைத்து இந்தியில் ஆரம்பித்தார், பாதியில் எங்களுக்காகத் தமிழுக்கு மாறினார். இத்தனை வருஷமாக நான் கேட்டதற்கு வராத கதை, மணலில் முட்டி போட்டிருந்த இடத்தில் வந்தது.

டிசம்பர் 5-ம் தேதிக் கதை ஊருக்கே தெரியும். லோங்கேவாலா எல்லைக் காவல் நிலையில் நம் வீரர்கள் நூற்றுச் சொச்சம் பேர் இரவெல்லாம் பாகிஸ்தான் டாங்கிகளுக்கு எதிரே நிற்கிறார்கள். ஹன்டர்களால் இருட்டில் தாக்க முடியாது. விடியும்வரை எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிச்சம் வந்ததும் ஏறினவை நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக இருந்தன. அப்பா சொன்னது அதற்கடுத்த நாள்.

"விடிய இன்னும் நேரம் இருக்கு. பிளாக் அவுட். டார்ச்சுக்கு நீலக் காகிதம் சுத்தியிருக்கோம். டூல் போர்டுல ஒவ்வொரு டூலுக்கும் அதோட நிழல் மாதிரி வரைஞ்சிருக்கும். அதுல ஒரு சின்ன ஸ்பேனரோட நிழல் காலி. பிளேனுக்குள்ள எங்கயாவது விழுந்து, கன்ட்ரோல் கம்பிக்கு நடுவுல சிக்கிச்சுன்னா முடிஞ்சுது. பைலட் ஏறி உக்காந்தாச்சு. சார்ஜென்ட் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். எல்லாரும் மண்டி போட்டுத் தேடறோம். இருபது நிமிஷம் இருக்கும். எனக்குத் தொடைகிட்ட ஏதோ உறுத்துது. ஓவரால் பாக்கெட்டுல இருக்கு. குளிருக்குக் கைய உள்ள விட்டப்போ கூடவே போயிருக்கு."

"அப்புறம்?" என்றேன்.

"மணல்ல கிடந்துதுன்னு சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். பாக்கெட்டுலன்னு வந்துடுச்சு. சார்ஜென்ட் ஒரு வார்த்தை திட்டலை. 'மறுபடி எண்ணு'ன்னார். எண்ணினேன். கையெழுத்துப் போட்டார். பிளேன் போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அது திரும்பி வந்து இறங்கற வரைக்கும் நான் ஒண்ணுக்குக்கூடப் போகல."

அம்மா வடிகட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "அம்பது வருஷமா ராத்திரி என் சமையக்கட்டுல கரண்டிய எண்றீங்களே, இதுக்காங்க?"

அப்பா பதில் சொல்லாமல் ஐந்தாவது நட்டை முடுக்கக் குனிந்தார்.

அந்த டிசம்பரில் அவர்களுக்கு நிச்சயம் ஆகியிருந்தது, தை மாதம் கல்யாணம். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து அம்மாவுக்கு வந்தது ஒரே ஒரு இன்லண்ட் கடிதம். "நான் நலம். இங்கே குளிர். ஸ்வெட்டர் இருக்கிறது." வானொலிச் செய்தியில் ஜெய்சல்மேர் பெயர் வரும்போதெல்லாம் தான் கொல்லைப்பக்கம் போய்விடுவதாக அம்மா வண்டியில் சொன்னாள். இதுவும் எனக்குப் புதிது.

லோங்கேவாலாவில் டாங்கிகள், பதுங்குகுழிகள், செல்ஃபி எடுக்கும் கூட்டம். பார்த்தோம். ஜெய்சல்மேரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர், ஹன்டருக்கு எட்டு பத்து நிமிஷம். அப்பா இந்த இடத்துக்கு இப்போதுதான் முதல் தடவையாக வருகிறார். "இங்கதானா போயிட்டு வந்துதுங்க" என்று மேலே ஒரு முறை பார்த்தார்.

திரும்பும் வழியில் ராம்கட்டில் தால் பாட்டி, ஒரு தட்டு 180. சுட்ட உருண்டையை உடைத்து நெய்யைக் குளமாக ஊற்றுகிறார்கள். கூடவே கேர் சாங்ரி என்ற காய்ந்த காய்க் கறி, நம் சுண்டைக்காய் வற்றல்காரர்களுக்குப் பிடிக்கும். காசு தரும்போது பையன் ரூபாயை எண்ணி, மறுபடி எண்ணி, அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

21 ஜனவரி, செவ்வாய் – ஜெய்சல்மேர்

கோட்டைக்குப் போனோம். 1156-ல் கட்டத் தொடங்கியது. இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, மஞ்சள் கல் வீடுகளில் துணி காய்கிறது. ஏற்றத்தில் அம்மாவின் முட்டி பாதியில் மக்கர் செய்தது. அப்பா சுற்றிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு அவளோடு ஒரு திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் மேலே போய்வந்தேன். வரும்போது அந்த வீட்டுப் பாட்டி கொடுத்த வேர்க்கடலையை இரண்டு பேரும் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உரித்து இவள் உள்ளங்கையில் போட, இவள் தின்றுகொண்டிருந்தாள். பாட்டிக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனால் முட்டி வலிக்கு என்ன தைலம் என்பது வரை பேசி முடித்திருந்தார்கள்.

சாயங்காலம் கடைத்தெருவில் கோட்டுவா லட்டு அரை கிலோ வாங்கினோம். பக்கத்திலேயே ஒரு ஹார்ட்வேர் கடை. அப்பா நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூ டிரைவர் தேர்ந்தெடுத்தார். 45 ரூபாய். சிவப்புப் பிடி இல்லை, மஞ்சள்தான். அறைக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழாய்க் கைப்பிடியை முடுக்கினார். வெந்நீர் இன்றைக்கும் வாளியில்தான்.

22 ஜனவரி, புதன் – திரும்புதல்

ஜோத்பூர் வரை ஐந்து மணி நேரம், அம்மா முழுக்கத் தூங்கினாள். விமான நிலையத்தில் இறங்கும்போது பையன் அப்பாவின் காலைத் தொட்டான். அப்பா அவனுக்கு அம்மாவின் முறுக்கு டப்பாவைக் கொடுத்தார். டப்பா திரும்பி வராது என்று அம்மாவுக்கு வருத்தம்.

ஸ்க்ரூ டிரைவர் இந்த முறை பெரிய பெட்டிக்குள், சட்டைக்கு நடுவே. காத்திருக்கும் நாற்காலியில் அப்பா நோட்டைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன்.

"20.1 – சக்கர நட் 5/5. சரி."
"21.1 – ஸ்க்ரூ டிரைவர் 1, புதியது."
"22.1 – பெட்டி 3, பை 2, குடை 1."

'செய்தது' பத்தியில் மூன்று வரிக்கும் கையெழுத்து இருந்தது. 'பார்த்தது' காலி. அம்மா குரங்குக் குல்லாவோடு அவர் தோளில் சாய்ந்து மறுபடியும் தூங்கிவிட்டிருந்தாள். அப்பா அசையாமல், பேனாவை மட்டும் என் பக்கம் நீட்டினார். நாற்பத்தொன்பது வயதில் அந்தப் பத்தியில் எனக்கு இதுதான் முதல் கையெழுத்து. பேனாவை வாங்கி நோட்டில் வைத்தேன்.

"எண்ணாம போடாத, பாப்பா" என்றார்.

எழுந்து போய்ப் பைகளை எண்ணினேன். குடை டிரைவர் பையனின் வண்டியிலேயே போயிருந்தது.